முன்பாரமும் பின்பாரமும்

சேத்துப்பட்டு விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டைகள் மாட்டுவண்டியில் வந்த காலத்தை எங்கள் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு பாரவண்டி இருந்தது. மூட்டைகளை ஏற்றி முடித்ததும் வண்டிக்காரர் உடனே மாடுகளைப் பூட்டிவிடமாட்டார். நுகத்தடியைத் தம் இரு கைகளாலும் சற்றுத் தூக்கிப் பார்ப்பார். கை தாங்காத அளவு கனத்தால் அது முன்பாரம். மாட்டின் கழுத்தில் புண் விழும். நுகத்தடி தானே மேலெழுந்தால் அது பின்பாரம்; பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஒரு மூட்டையை முன்னோ பின்னோ நகர்த்தி, கைக்கு அளவான கனம் வந்த பின்னரே வண்டி புறப்படும்.

இந்தச் சிறிய சோதனையை நாங்கள் பல ஆண்டுகள் மறந்தே இருந்தோம். அது மீண்டும் நினைவுக்கு வந்தது ஜெர்மனி நாட்டின் நெடுஞ்சாலை ஒன்றில், எங்கள் பேரன் காரின் பின்னிருக்கையில் அஞ்சி அழுதபோதுதான்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாங்கள் இருவரும் மகன் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அந்த மாதத்தில்தான் ஆண்டுதோறும் கேவலார் என்னும் ஊரில் தமிழர் திருப்பயணம் நடைபெறுகிறது. ஊரையும் உறவையும் இழந்து ஐரோப்பாவில் குடியேறிய ஈழத் தமிழர்கள் பல்லாயிரவர் அங்கே கூடுகிறார்கள். இந்து சமயத்துச் சகோதரர்களும் திரளாக வருகிறார்கள். துன்புறுவோருக்கு ஆறுதலான அன்னையின் சிறிய தாள் படம் ஒன்றே அங்கு வணங்கப்படுகிறது. 1641ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவை ஒட்டி, சுமை தூக்கி ஊர் ஊராக வணிகம் செய்த ஹென்றிக் புஸ்மன் என்பவர், தமக்கு அங்கே ஒரு சிற்றாலயம் எழுப்பும்படி ஒரு குரல் கேட்டதாகச் சொன்னார். 1642இல் ஆலயம் எழுந்தது. லூர்து அன்னையின் திருத்தலத்தின் நிழலில் வளர்ந்த எங்களுக்கு அவ்வூரைக் காணும் ஆவல் மிகுந்திருந்தது.

விழா நாளில் தங்குவதற்கு அறை கிடைப்பது அரிது. ஆகவே எங்கள் மகன் பழைய கேரவன் ஒன்றை வாங்கியிருந்தான். நம் நாட்டில் கேரவன் என்றதும் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டி நினைவுக்கு வரும். அதற்கு எஞ்சின் உண்டு. இங்கே நாம் சொல்வது எஞ்சின் இல்லாதது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள சிறு வீடு. குடும்பக் காரின் பின்கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்வார்கள். சுருங்கச் சொன்னால் காரே மாடு, கேரவனே வண்டி.

விற்றவர், "உங்கள் காரின் பதிவுப் பத்திரத்தில் 1,500 கிலோ வரை இழுக்கலாம் என்றிருக்கிறது. இந்தக் கேரவனின் உச்ச எடையும் 1,500 கிலோதான். கவலை வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஓட்டுநர் உரிமத்திலும் தடையில்லை. அந்நாட்டின் சாதாரண கார் உரிமத்துக்குக் காரும் இழுவண்டியும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 3,500 கிலோவுக்குள் இருக்கவேண்டும். இவர்களுடையது 3,480 கிலோ. காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகையாகப் புறப்பட்டோம். நெடுஞ்சாலையின் இறக்கம் ஒன்றில் பேருந்து ஒன்று எங்களைக் கடந்து சென்றது. அதன் காற்று மோதியதும் கேரவனின் பின்புறம் மெல்ல அசைந்தது. அடுத்த நொடியில் அந்த அசைவு பெருகி, பாம்பின் வாலைப்போல் இடமும் வலமும் வீசத் தொடங்கியது. அதன் ஒவ்வொரு வீச்சும் காரின் பின்பகுதியையும் சேர்த்து இழுத்தது. மகன் அஞ்சினாலும் அறிவிழக்கவில்லை. வேகத்தைக் கூட்டவில்லை, ஸ்டீயரிங்கை மாறி மாறித் திருப்பவும் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராக இறுகப் பிடித்துக்கொண்டான். வேகம் தணியத் தணிய ஆட்டமும் தணிந்தது. நிறுத்துமிடத்தில் வண்டியை ஒதுக்கியபோது எவர் வாயிலும் சொல் இல்லை. மருமகள் பேரனை அணைத்துக்கொண்டு செபமாலையைப் பற்றியிருந்தாள்.

சற்று நேரங்கழித்து மகன் கேட்டான்: "அப்பா, எஞ்சின் திணறாமல்தான் இழுத்தது. மேடும் ஏறியது. பிறகு ஏன் இப்படி?"

அந்தக் கேள்வியிலேயே பிழை இருந்தது. மேடு ஏறுவது மாட்டின் வலிமைக்குச் சோதனை. இறக்கத்தில் சுமையைத் தாங்கி நிற்பதோ அதைவிடக் கடினமான சோதனை. இழுக்க முடிந்த எல்லாவற்றையும் அடக்க முடியும் என்று கொள்ளலாகாது. காரின் பத்திரத்தில் எழுதியிருக்கும் இழுவை அளவு, எஞ்சினும் கொக்கியும் தாங்கக்கூடிய எல்லையைச் சொல்கிறது. அந்த எல்லைவரை ஏற்றினால் வண்டி ஆடாது என்ற உறுதியை அது தருவதில்லை. வால் தலையை ஆட்டாதிருக்கவேண்டுமானால் தலை வாலைவிடக் கனமாக இருக்கவேண்டும். இங்கிலாந்து நாட்டில் கேரவன் பயணிகளின் சங்கங்கள் இதற்கு ஓர் எளிய கணக்குச் சொல்கின்றன: பொருள் ஏற்றிய கேரவனின் எடை, காரின் வெற்று எடையில் 100க்கு 85 பங்குக்குள் இருப்பது புதியவர்களுக்கு நல்லது, எவ்வளவு பழகியவரும் 100 பங்கைத் தாண்டலாகாது.

மறுநாள் பொது எடைமேடைக்குக் கேரவனைக் கொண்டு சென்றோம். நம் ஊரில் நெல் லாரியை எடை போடும் மேடை போன்றதே அது. காரின் வெற்று எடை 1,480 கிலோ. அதில் 85 பங்கு 1,258 கிலோ. கேரவனோ 1,440 கிலோ காட்டியது. வாங்கும்போது அதன் வெற்று எடை 1,100 கிலோ. அப்படியானால் 340 கிலோ சுமையை நாங்களே, ஒன்றும் அறியாமல், சிறுகச் சிறுக ஏற்றியிருந்தோம். வெற்று எடையை மட்டும் பார்த்து வாங்குவோர் பலரும் செய்யும் பிழை இது. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதைக்கூட யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்போதுதான் பழைய வண்டிக்காரர் எங்கள் நினைவில் எழுந்தார். கேரவனைக் காரிலிருந்து கழற்றி, அதன் மூக்குக்குக் கீழே ஒரு கட்டையை நிறுத்தி, கட்டையைக் குளியலறை எடைக்கருவியின்மேல் வைத்தோம். முள் 35 கிலோவில் நின்றது. ஏற்றிய மொத்த எடையில் 100க்கு 5 முதல் 7 பங்குவரை மூக்கில் இறங்கவேண்டும் என்பது விதி. 1,440 கிலோவுக்கு 72 கிலோவாவது வேண்டும். இருந்ததோ அதில் பாதியும் இல்லை. நுகத்தடி மேலெழுகின்ற அதே பின்பாரம்! அந்தக் கேரவனில் தண்ணீர்த் தொட்டி பின்பக்கம். அதில் 45 லிட்டர். பின்சுவரில் மூன்று மிதிவண்டிகள், 50 கிலோ. பின்பெட்டியில் விழா உணவுக்கென வாங்கிய 25 கிலோ அரிசி மூட்டைகள் இரண்டு. அவற்றோடு மாவரைக்கும் கிரைண்டரும் பாத்திரங்களும் 30 கிலோ. நீண்ட கோலின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றுவதற்கு ஒப்பான செயலைச் செய்திருந்தோம்.

இனி என்ன செய்வது? கேரவனை விற்றுவிடலாம் என்றாள் மருமகள். ஒரு நாள் முழுவதும் அதுபற்றிப் பேசினோம். இறுதியில் சுமையைக் குறைத்து, மீண்டும் நிறுத்துப் பார்த்து, கணக்கு ஒத்துவந்தால் மட்டுமே புறப்படுவது என்று முடிவு செய்தோம். மிதிவண்டிகளையும் கூடாரத் துணியையும் வீட்டில் விட்டோம். தண்ணீரைத் திறந்துவிட்டோம், சேருமிடத்தில் தண்ணீர் இல்லாமலா போகும்? அரிசி மூட்டைகளை வேனில் வரும் நண்பர் ஒருவர் ஏற்றிக்கொண்டார். கிரைண்டரை இறக்கியபோது எங்கள் வீட்டு அம்மாவுக்கு மனம் சற்று வருந்தியது உண்மை. எஞ்சிய பொருள்களில் கனமானவற்றை அச்சுக்கு நேர்மேலே தரையிலும், துணி போன்ற இலேசானவற்றை மேல்தட்டிலும் வைத்தோம். மீண்டும் எடைமேடை: 1,225 கிலோ. மூக்கில் 70 கிலோ. காரின் கொக்கி தாங்கும் எல்லை 75 கிலோ. இரண்டுக்கும் இடையில் சரியாக அமைந்தது.

டயர்களின் காற்றையும் வயதையும் பார்த்தோம். கொக்கி கழன்றுவிட்டால் கேரவனின் பிரேக்கைத் தானே பிடிக்கச்செய்யும் கம்பியை மாட்டினோம். 750 கிலோவுக்கு மேற்பட்ட இழுவண்டிக்குச் சொந்தப் பிரேக் இருந்தே ஆகவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். நெடுஞ்சாலையில் இத்தகைய வண்டிக்கு உரிய வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். தனிச் சான்று பெற்ற வண்டிகளுக்கு மட்டும் 100. வேகம் 80இலிருந்து 100ஆக ஏறினால் வண்டியின் உந்து ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். எங்கள் மகன் 80ஐத் தாண்டவில்லை. வழியில் பேருந்துகள் கடந்தன; கேரவன் சற்றே அசைந்து, தானே நிமிர்ந்தது. கேவலார் சேர்ந்து அன்னையின்முன் மெழுகுதிரி ஏற்றியபோது நாங்கள் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. நன்றி மட்டுமே சொன்னோம்.

பயணத்தின்போது பேரன், "நான் கேரவனில் படுத்துக்கொண்டு வரட்டுமா, தாத்தா?" என்று கேட்டான். ஓடும் கேரவனுக்குள் எவரும் இருக்கலாகாது என்று அங்கே சட்டமே தடுக்கிறது என்றோம். அந்தப் பதிலைச் சொன்னபோதே எங்கள் மனம் ஊருக்குத் திரும்பிவிட்டது.

அன்புக்குரிய குடும்பத்தாரே, நம் பகுதியில் கேரவன் இல்லை. டிராக்டரும் டிரெய்லரும் உண்டு. திருவிழா, திருமணம், காதுகுத்து என்றால் உற்றார் உறவினரையெல்லாம் டிரெய்லரில் ஏற்றி அழைத்துச் செல்லும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. "எத்தனை மூட்டை நெல்லை இழுக்கிறது, மனிதரை இழுக்காதா?" என்பார்கள். இழுக்கும், ஐயமில்லை. 60 பேர் ஏறினால், ஆளுக்கு 50 கிலோ வைத்தாலும், 3,000 கிலோ. 75 கிலோ நெல் மூட்டை 40க்குச் சமம். ஆனால் மூட்டை ஏற்றிய இடத்தில் கிடக்கும். மனிதர் எழுவர், சாய்வர், ஒரு பக்கம் எட்டிப்பார்ப்பர். மூட்டையின் பாரம் தரைக்கு அருகில். நிற்கும் மனிதரின் பாரம் உயரத்தில். பல டிரெய்லர்களுக்குச் சொந்தப் பிரேக் கிடையாது. ஏரிக்கரை இறக்கத்திலோ வளைவிலோ டிராக்டர் நிற்க முயலும்போது பின்னால் வரும் பாரம் நிற்காது. அது டிராக்டரைத் தள்ளித் திருப்பிவிடும். பாரம் பின்னோக்கி இழுத்தால் மேட்டில் டிராக்டரின் முன்சக்கரங்கள் தரைவிட்டு எழும். அப்போது ஸ்டீயரிங் எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை.

டிரெய்லரில் ஆள் ஏற்றுவதை நம் நாட்டுச் சட்டமும் அனுமதிப்பதில்லை. அளவுக்கு மீறிய பாரத்துக்கு, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கிறது. தண்டத்துக்கு அஞ்சி நிறுத்துவதைவிட, பின்னால் அமர்ந்திருக்கும் குழந்தையின் முகத்தை எண்ணி நிறுத்துவது மேலானது. பிப்ரவரி 11ஆம் நாள் லூர்து அன்னையின் விழாவுக்கு வருவோர், பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பேருந்தையோ வேனையோ பேசிக்கொள்ளலாம். செலவு சற்றுக் கூடும். ஆயினும் போனவர் அனைவரும் திரும்பி வந்து ஒரே பந்தியில் உண்பர்.

நம் ஆண்டவர் நுகத்தையும் சுமையையும் பற்றிப் பேசியபோது, தச்சுப் பட்டறையில் வளர்ந்தவராகவே பேசினார் என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது. நல்ல தச்சர் மாட்டின் கழுத்தை அளந்த பின்னரே நுகத்தைச் செதுக்குவார். இல்லறத்திலும் அப்படியே. கடனோ, சீரோ, விழாச் செலவோ, எதுவானாலும் "இழுத்துவிடலாம்" என்று துணிவதற்கு முன், இறக்கத்தில் தாங்க முடியுமா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.

எங்கள் மகன் இப்போது ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கேரவனின் மூக்கைக் கையால் தூக்கிப் பார்க்கிறானாம். பிறகே எடைக்கருவியை வைக்கிறானாம். அந்த வண்டிக்காரரை அவன் கண்டதே இல்லை.