கொத்தனார் மேல் தவறில்லை

கும்பகோணத்தில் தாத்தா கட்டிய எங்கள் வீட்டின் மாடிக் குளியலறை ஒழுகியதற்குக் காரணம் நான். கொத்தனார் அல்ல. வீட்டிலும் தெருவிலும் அவரைத்தான் காரணமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த மாடித் தளம் கான்கிரீட் இல்லை, மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து மூலைவாட்டமாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து இறுக்கிய தளம். 100 ஆண்டு தாண்டி நிற்பவை உண்டு. ஆனால் ஈரம் தங்கக் கூடாது. கட்டையின் தலை சுவருக்குள் புதைந்திருக்கும். அங்கே தண்ணீர் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே உளுத்துக்கொண்டே போகும். இவ்வளவையும் வேலை தொடங்குமுன் கொத்தனார் எனக்குப் பொறுமையாகச் சொன்னார்.

அவர் கேட்டது பெரிதல்ல. தரைக்கு வாட்டர்புரூஃபிங் பூச்சு, அதைச் சுவரில் ஒரு அடி ஏற்ற வேண்டும். பிறகு தரைத் தண்ணீர் வெளியேறும் நானி டிராப்பை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழே ஈரம் காட்டாவிட்டால்தான் டைல்ஸ். தங்கையின் வளைகாப்புக்குச் சொந்தங்கள் வருவதற்குள் அறை மின்ன வேண்டும் என்று நான் அவசரப்பட்டேன். பளபளக்கும் டைல்ஸுக்கும் கண்ணாடித் தடுப்புக்கும் தாராளமாகச் செலவழித்த எனக்கு, கண்ணுக்குத் தெரியாத பூச்சுக்குப் பணம் எடுக்க மனம் வரவில்லை.

"சார், கீழ அம்மா படுக்கிற ரூம்" என்றார்.

"டைல்ஸ ஒட்டுங்க" என்றேன்.

சில மாதங்களில் அம்மா அறையின் கூரையில் பழுப்புக் கறை படர்ந்தது. காரை உதிர்ந்து அவர் படுக்கையில் விழுந்தது. அம்மா கேட்டபோது, "கொத்தனார் ஏமாத்திட்டாரும்மா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, கேட்டதும் வாயில் வந்துவிட்டது. பிறகு அந்தப் பொய்க்கு வலுச் சேர்க்கக் கொத்தனாரின் பாக்கிக் கூலியை நிறுத்திக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டு வேலைக்கு அவரைப் பற்றி விசாரித்தபோது, வேண்டாம் என்று தடுத்தேன். பணத்தை மிச்சம் பிடித்ததைவிட இதுதான் என்னை அறுக்கிறது. நேர்மையாக எச்சரித்த ஒருவரின் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டிருக்கிறேன்.

தளத்தைத் திறந்தபோது இரண்டு கட்டைகளின் தலை, விரலால் அழுத்தினாலே பொடிந்தது. கட்டைகளை மாற்றி, அவர் சொன்ன முறைப்படியே பூச்சு பூசி, தண்ணீர் கட்டிப் பார்த்து, சொரசொரப்பான டைல்ஸ் போட்டோம். வேலை செய்தது வேறு ஆட்கள். அவரைக் கூப்பிட்டேன், வர மறுத்துவிட்டார். நிறுத்திய கூலியை வீடு தேடிப் போய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

என் பேச்சை நம்பி அவரை ஒதுக்கிய எங்கள் தெருக்காரர்களுக்குச் சொல்கிறேன்: நான் சொன்னது பொய். உங்கள் வீட்டு வேலைக்கு அவரைக் கூப்பிடுங்கள், அவர் கேட்கும் இரண்டு நாளைக் கொடுங்கள்.