வாலிழந்த பல்லி

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான், அதுவும் விலங்கியல். ஆரம்பாக்கத்தில் உள்ள எங்கள் ஓட்டு வீட்டுக்கு அது போதாதா? பல்லி விழும் பலனைப் பஞ்சாங்கம் பாராமலே சொல்பவர் என் அம்மா. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் தங்கப் பல்லியையும் தொட்டு வந்தவர்.

பங்குனிக் காற்றில் சன்னல் கதவு அறைந்து, சுவர்ப் பல்லியின் வால் அறுந்தது. அம்மா மஞ்சள் குழைத்தார், தடுத்தேன். வாலின் முள்ளெலும்புகளிலே முறிவதற்கென்றே இடம் உண்டு. தசை இறுகி இரத்தத்தை நிறுத்திவிடும். மருந்து வேண்டாம். ஆனால் நட்டம் மெய்யே: வாலில்தான் அது கொழுப்பைச் சேமிக்கிறது, நம் வீட்டுக் குதிர் போல. மறுபடி முளைப்பதில் எலும்பு இராது, குருத்தெலும்புதான்.

சித்திரையில் தோலுரித்தது. உரித்ததைத் தானே தின்றது (என்ன சிக்கனம்!). விரல் நுனியில் மட்டும் கொஞ்சம் ஒட்டி நின்றது. அப்படியே காய்ந்தால் இறுகி, இரத்தம் ஓடாமல் விரலே போய்விடும். பிய்த்தாலோ கீழுள்ள புதுத்தோல் கிழியும். ஈரம்தான் வழி. வெக்கைக்காக அம்மா நனைத்துத் தொங்கவிடும் கோணியருகே அது ஒண்டியது. சில நாளில் விரல்கள் சுத்தம்.

அம்மா இப்போது கோணியை இரவிலும் நனைக்கிறார். புது வால் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. நிறந்தான் கொஞ்சம் வேறு.