தொல்லை தந்த வண்டிகள்

பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்கள் நாலு பேர் கூடி, வைத்திருந்த வண்டிகளின் படங்களை எடுத்துக் காட்டத் தொடங்கினால், படம் ஒன்று சொல்லும், பேச்சு வேறொன்று சொல்லும். படத்தில் வண்டி கழுவித் துடைத்து, ஹெட்லைட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலையோடு நிற்கும். பக்கத்தில் பெல்பாட்டம் போட்ட இளைஞர் ஒருவர், தொழிற்சாலையே தனக்குச் சொந்தம் என்ற தோரணையில் ஹேண்டில்பாரில் கை வைத்திருப்பார். ஆனால் படத்தைக் காட்டுகிறவர் வாய் திறந்ததும் வருவது அழகைப் பற்றிய பேச்சாக இருக்காது. மழையில் பாயின்ட் நனைந்து நடுவழியில் நின்றது, கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கியது, பிளக் அடைத்துக்கொண்டு இரண்டு மைல் தள்ளியது என்று குறைகளாகவே வரும். அதையும் மனக்குறையாகச் சொல்லமாட்டார்கள், பதக்கம் வாங்கியதைப் போலச் சொல்வார்கள். கெட்டுப்போன ஃப்ரிட்ஜைப் பற்றி யாரும் இப்படி உருகிப் பேசிக் கேட்டதில்லை. போன இளமையின் ஏக்கம் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஒரு வண்டி மனத்தில் தங்குவது அது நமக்குச் செய்த உபகாரத்தின் அளவைப் பொறுத்தது அல்ல, அது நம்மிடம் வாங்கிய வேலையைப் பொறுத்தது என்பதே என் கட்சி.

புல்லட்டையே எடுத்துக்கொள்ளலாம். இந்திய ராணுவத்துக்கும் போலீசுக்கும் என்று இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியிடமிருந்து வாங்கத் தொடங்கிய வண்டி அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது, திருவொற்றியூரில் உற்பத்தி நடந்தது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூர் நிற்கவில்லை. 346 சிசி, 18 பிஎச்பி என்ற அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினை உயிர்ப்பிக்க ஒரு முறை இருந்தது. சாவியைப் போட்டதும் அம்மீட்டரைப் பார்க்க வேண்டும். டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல அமுக்கினால், முள் ஒரு பக்கம் சாய்ந்து, பிஸ்டன் உரிய இடத்துக்கு வரும்போது நடுவுக்குத் திரும்பும். அங்கே லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, தயங்காமல் முழு மூச்சாக ஒரே உதை. அவசரப்பட்டு வேறு இடத்தில் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில், ஒன்று மேலே, மூன்று கீழே. மற்ற வண்டிகளில் பழகியவர் முதல் நாளில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். முப்பது வருடம் கழித்தும் புல்லட் வைத்திருந்தவரிடம் இந்த முறையைக் கேட்டால் வாயால் சொல்வதற்கு முன் அவருடைய வலது கால் அசையும். கால் கற்றுக்கொண்டதை மனம் அத்தனை சீக்கிரம் விடுவதில்லை.

மைசூரில் 1960-களின் தொடக்கத்திலிருந்து 1996 வரை ஓடிய ஐடியல் ஜாவா ஆலையின் வண்டிகளும் இதே ரகம்தான். ஜாவாவிலும் அதன் வாரிசான யெஸ்டியிலும் கியர் லீவரே கிக்கர். உள்ளே தள்ளித் திருப்பினால் கிக்கர், பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் கியர். தெரியாதவர் வண்டியைத் திருடவே முடியாது என்று அந்தக் காலத்தில் கிண்டல் செய்வார்கள். கிளட்ச்சைத் தொடாமலே கியர் மாற்றலாம் என்பது தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை. பெட்ரோலில் டூ-டி ஆயிலை அளந்து ஊற்றி, பங்க்கிலேயே வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கலக்க வேண்டும். நிறுத்தும்போது பெட்ரோல் காக்கை மூட மறந்தால் மறுநாள் காலை உதைத்துச் சாக வேண்டியதுதான். இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் பிளக் ஒரு பாடப்புத்தகம். கழற்றிப் பார்த்தால் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் இன்ஜின் நலம். கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் கூடுதல், இல்லையென்றால் கார்புரேட்டர் சரியில்லை. வெளுத்திருந்தால் ஆபத்து, இன்ஜின் அளவுக்கு மீறிச் சுடுகிறது. உப்புத்தாளால் தேய்த்து, ஆக்ஸா பிளேடை நுழைத்து இடைவெளி பார்த்து மாட்டுவார்கள். மெக்கானிக் வகுப்புக்குப் போகாத பாங்க் குமாஸ்தாவுக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் இந்த அறிவு இருந்தது. வண்டி கற்றுத் தந்த அறிவு அது.

இளமைதான் காரணம் என்பவர்களுக்கு என் பதில், ஹீரோ ஹோண்டா சிடி 100. ஹரியானாவின் தாருஹேராவிலிருந்து 1985-இல் வந்தது. அதே ஆண்டின் கடைசியில்தான் எஸ்கார்ட்ஸ் தயாரித்த யமஹா ஆர்எக்ஸ் 100-உம் வந்தது. இரண்டையும் வாங்கியவர்கள் ஒரே தலைமுறை, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சிசி. சிடி 100 நாலு ஸ்ட்ரோக். புகை இல்லை, ஆயில் கலக்கும் வேலை இல்லை, குடிக்கிற பெட்ரோலும் கொஞ்சம். பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு என்பதுதான் அதன் புகழ்பெற்ற விளம்பரமே. மக்கள் அந்தப் பேச்சைத் தட்டவில்லை. வண்டி நன்றாக விற்றது, அதன் வழியில் 1994-இல் வந்த ஸ்பிளெண்டர் இன்னும் அமோகமாக விற்றது, ஆனால் பழைய படங்களை வைத்துப் பேசும்போது உருகுவது ஆர்எக்ஸுக்காக. இளமை மட்டும்தான் காரணம் என்றால் இரண்டு வண்டிக்கும் சம பங்கு கிடைத்திருக்க வேண்டும். சிடி 100 பற்றிப் பேசுகிறவர்களே இல்லை என்று சொல்லமாட்டேன். பேசுவார்கள், ஆனால் அந்தப் பேச்சில் அப்பா இருப்பார், அவர் போன ஆபீஸ் இருக்கும், அவர் சேமித்த காசு இருக்கும். வண்டி சீக்கிரமே பின்னால் போய்விடும்.

வேகம்தான் விஷயம் என்று ஆர்எக்ஸ் ரசிகர்கள் குறுக்கிடுவார்கள். நூறு கிலோ சொச்ச எடையில் 11 பிஎச்பி என்பது அன்றைய சாலையில் சிறிய விஷயமில்லைதான். ஆனால் வேகம் அளவுகோல் என்றால் புல்லட்டுக்கு இந்தக் கூட்டத்தில் நாற்காலியே கிடைத்திருக்கக் கூடாது. சத்தம் என்ற வாதத்தை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. புல்லட்டின் தடதடப்பையும் ஆர்எக்ஸின் சீறலையும் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காது எப்படி வந்தது? டேப்பட் தட்டுகிறதா, செயின் தளர்ந்திருக்கிறதா, பிஸ்டன் இறுகப்போகிறதா என்று ஓட்டுகிறவர் ஒவ்வொரு நாளும் உற்றுக் கேட்க வேண்டியிருந்தது. கேட்காதவர் வழியில் நின்றார். சத்தத்தின் மேல் வந்த காதலும் வேலையின் வழியாக வந்ததுதான்.

படங்களில் மட்டும் இந்த வேலை எங்குமே இல்லை. கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அவற்றில் வேறு என்னென்னவோ கிடைக்கும். எண்பலகையில் மூன்றெழுத்தும் எண்ணும் இருந்தால் வண்டி 1989 ஜூலைக்கு முன் பதிவானது. புதிய மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் மாநில எழுத்தோடு அலுவலக எண் சேர்ந்தது. பின்சக்கரத்தின் இடது பக்கம் சாரி கார்டு மாட்டியிருந்தால் கல்யாணம் ஆகிவிட்டது அல்லது நிச்சயமாகிவிட்டது. டேங்க்கின் மேல் குழந்தை உட்கார்ந்திருந்தால் அடுத்த கட்டம். தலைக்கவசம் அநேகமாக எந்தப் படத்திலும் இருக்காது. ஒரு ரோலுக்கு 36 படம் என்ற காலத்தில் ஆயுத பூஜைக்கும் புது வண்டிக்கும்தான் படம் செலவாயிற்று. உப்புத்தாளும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை எடுக்க யார் ஃபிலிம் செலவழிப்பார்கள்? அதனால்தான் படத்தைக் காட்டுகிறவர் இவ்வளவு பேசுகிறார். கேமரா விட்டதை வாய் நிரப்புகிறது.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தொல்லையைக் கொண்டாடுவது, நேரமும் உடல்பலமும் உள்ள ஆணின் சொகுசு இல்லையா? சரியான கேள்வி. வேலைக்குப் போக வேண்டியவருக்குக் காலை எட்டு மணிக்குக் கிளம்பாத வண்டி வெறும் தண்டம், அவர் சிடி 100 வாங்கியதுதான் புத்திசாலித்தனம். பழைய படங்களில் பெண்கள் பெரும்பாலும் பின் இருக்கையில் ஒருபக்கமாகவே உட்கார்ந்திருக்கிறார்கள், உதைக்கும் வண்டியின் கதையில் அவர்களுக்குப் பெரிதாக இடமில்லை. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் எரியாத பெட்ரோலும் ஆயிலும் ஓரளவு அப்படியே சைலன்சர் வழியாக வெளியேறும். உரிமையாளர் ரசித்த அந்த வாசனையைத் தெருவில் போனவர்கள் நுரையீரலில் வாங்கிக்கொண்டார்கள். புகை விதிகள் இறுக இறுக அந்த வண்டிகள் ஷோரூமிலிருந்து மறைந்ததில் நான் வருத்தப்பட மாட்டேன். ஒரு வண்டி ஏன் நினைவில் நிற்கிறது என்பது வேறு, அது திரும்பி வர வேண்டுமா என்பது வேறு. முதல் கேள்விக்குத்தான் நான் பதில் தேடுகிறேன்.

அப்படியென்றால் இன்றைய புல்லட் ஏன் விற்கிறது என்று கேட்கலாம். பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகிறது, கியர் இடது காலுக்கு வந்துவிட்டது, கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், கிக்கரே கிடையாது. தொல்லை போயும் மவுசு போகவில்லையே? விற்பனையும் நினைவும் ஒன்றில்லை. இன்று வாங்குகிறவர் டேங்க்கின் வளைவிலும் அந்தப் பெயரிலும் முந்தைய தலைமுறை உழைத்துச் சேர்த்த மதிப்பையும் சேர்த்து வாங்குகிறார். 2018-இல் ஜாவாவும் 2022-இல் யெஸ்டியும் நாலு ஸ்ட்ரோக்காகத் திரும்பி வந்தபோது விலைக்கு வந்ததும் அந்த மதிப்புதான். முப்பது வருடம் கழித்து இன்றைய உரிமையாளர்கள் படம் காட்டும்போது போன ஊர்களைப் பற்றி நிறையப் பேசுவார்கள், லடாக் கட்டாயம் இருக்கும். இன்ஜினைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் அதிகம் இருக்காது என்பது என் கணிப்பு.

அந்த உழைப்பில் பாதி உரிமையாளருடையது இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புளியமர நிழலில் ஒரு மரப்பெட்டியும் இரண்டு ஸ்பேனரும் வைத்துக்கொண்டு, இன்ஜின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொன்ன மெக்கானிக்குகள்தான் அந்த வண்டிகளை இருபது, முப்பது வருடம் ஓட வைத்தவர்கள். ஆல்பத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. வண்டிகளில் பெரும்பாலானவை பழைய இரும்புக்குப் போய்விட்டன, ஆர்சி புத்தகமும் தொலைந்திருக்கும். படம் மட்டும் மிஞ்சியிருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், வண்டிக்காரர் பேசும் நிலையில் இருக்கும்போதே அதன் பின்பக்கத்தில் வருடத்தையும் பதிவெண்ணையும் ஸ்டார்ட் செய்த முறையையும் எழுதி வாங்கிவிடுங்கள். மெக்கானிக்கின் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.