ஒரே ஒரு ஜோடி செருப்பு: மழைக்கா, வெயிலுக்கா?

"டாக்டர், ரெண்டு ஜோடி வாங்க வசதி இல்ல. மழைக்கும் வெயிலுக்கும் சேர்த்து ஒரே செருப்பா சொல்லுங்க."

ஐப்பசி பிறந்தால் போதும், எங்க சர்க்கரை ஓபியில் இந்தக் கேள்வி வாரத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது வந்துவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அண்ணன்கள், ஆவடி, பட்டாபிராம் பக்கம் வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள், பூந்தமல்லியில் பூ கட்டி விற்கும் அம்மாக்கள், எல்லாரும் கேட்பது இதைத்தான். பார்க்கச் சின்னக் கேள்வி. ஆனால் ஒரு விரல் போகுமா இருக்குமா என்பது பல நேரம் இதில்தான் தொங்கிக்கொண்டு இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படிங்க.

முதலில் ஒன்று. இது சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோனவர்களுக்கான இழை. நல்லா உணர்ச்சி இருப்பவர்கள் எதை வேண்டுமானாலும் போடலாம். கடித்தால் கழற்றிவிடுவீர்கள், சுட்டால் குதிப்பீர்கள். உங்களுக்கு வலி காவல் இருக்கிறது.

உணர்ச்சி குறைந்திருப்பது எப்படித் தெரியும்? "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு", "செருப்பு எங்க கழண்டுச்சுன்னே தெரியல" என்று நோயாளிகளே சொல்வார்கள். ஒற்றைக் கால் செருப்போடு ஓபிக்குள் நடந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஒரு மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் அழுத்திப் பார்ப்போம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. வளையுமளவு அழுத்தியும் "தெரியல" என்றால் காவல்காரன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். ரெண்டு நிமிஷ வேலை, வலிக்காது. சர்க்கரை வந்து சில வருஷம் ஆகிவிட்டால் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்.

எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலைக்குப் போகிற ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். ஹவாய் செருப்பின் அடியில் சுருள் இரும்புப் பிசிறு ஒன்று குத்தி, செருப்பைத் துளைத்து, பாதத்துக்குள்ளும் போயிருக்கிறது. ரெண்டு நாள் அதோடவே வேலைக்குப் போய் வந்திருக்கிறார். வீட்டுத் தரையில் ரத்தக் கறையைப் பார்த்து மனைவிதான் கண்டுபிடித்தார். எங்களிடம் வரும்போது கால் வீங்கி, நாற்றம் எடுத்து, காய்ச்சல். ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனே சார்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

உணர்ச்சியில்லாத பாதம் தானாக அழுகுவதில்லை. அடி வாங்கி வாங்கித்தான் கெடுகிறது. இதைத் தெளிவாக நிறுவிய மருத்துவர்களில் முக்கியமானவர் நம்ம கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர்: பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களைப் பார்க்க ஆரம்பித்தார். விரல்கள் குறைவதற்குக் கிருமியே நேரடிக் காரணம் என்று பலரும் நம்பிய காலம். வலி தெரியாமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும், சுட்டதும் குத்தியதும் தெரியாமல் போவதும்தான் பெரிய எதிரி என்று அவர் காட்டினார். வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் இதற்காக மென்மையான ரப்பர் செருப்பைச் செய்து பார்த்தார்கள். 1966-ல் அமெரிக்கா போன பிறகு, அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் கொண்டுபோனார். இன்றைக்கு நாங்கள் "எம்சிஆர் செருப்பு" என்று சீட்டில் எழுதுவது அந்த வழியில் வந்ததுதான். மைக்ரோ செல்லுலார் ரப்பர். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர்.

சரி, கேள்விக்கு வருவோம். வெயிலும் மழையும் செருப்பிடம் கேட்பது ரெண்டு வேற வேற விஷயம்.

வெயில் காலத் தரை கெட்டி. ஒவ்வொரு அடியிலும் விரல்களுக்குக் கீழே இருக்கும் எலும்பு முனைகள் தோலை நசுக்கும். அங்கே ஆணி மாதிரி தோல் தடிக்கும், அதற்கு அடியில் புண் ஒளிந்துகொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் தார் ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடக்கூடியது. சில நொடியில் கொப்புளம் போட அது போதும். ஆக வெயிலுக்கு வேண்டியது தடிமனான, மெத்தென்ற, சூடு ஏறாத உள்தளம்.

மழைக்கு இதெல்லாம் ரெண்டாம் பட்சம். ஈரத் தரையில் வழுக்கக் கூடாது. சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டு காலை விட்டுக் கழன்றுவிடக் கூடாது. நனைந்தால் சீக்கிரம் காய வேண்டும், இல்லையென்றால் விரல் இடுக்கில் தோல் ஊறி வெளுத்து சேற்றுப்புண் வந்துவிடும். மென்மையாகச் செய்தால் சீக்கிரம் தேய்ந்து வழுக்கும். பிடிப்புக்காக அடியில் ஆழமாகக் கோடு போட்டால், அதற்குள் கல்லும் பிசிறும் ஏறி உட்காரும். விரலை மூடினால் அடிபடாது, ஆனால் காயாது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும்.

பனிச்சறுக்கு ஆடுகிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. (நமக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீங்க, ரெண்டு வரிதான்.) புதுசாக விழுந்த பொடிப் பனியில் மிதக்க அகலமான பலகை வேண்டும். இறுகிப்போன பனியில் ஓரத்தால் கடித்துப் பிடிக்க ஒடுக்கமான, விறைப்பான பலகை வேண்டும். காஷ்மீர் குல்மார்க்கில் மேலே பொடிப் பனி, கீழே பலரும் சறுக்கி இறுகின பனி, ஒரே நாளில் ரெண்டும் கிடைக்கும். ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்பவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்வது: நீ ஆசைப்படும் நாளுக்கு வாங்காதே, உனக்கு அதிகம் கிடைக்கும் நாளுக்கு வாங்கு. அங்கே தப்பான பலகையை வாங்கினால் விழுவார்கள், வலிக்கும், அடுத்த வருஷம் மாற்றுவார்கள். எங்க நோயாளிக்கு வலிக்காது. அதுதான் வித்தியாசம்.

அதனால் என் பதில்: வெயிலுக்கு வாங்குங்க. மழையைப் பழக்கத்தால் சமாளிப்போம்.

காரணம் சொல்கிறேன். கெட்டித் தரையின் அழுத்தம் வருஷம் முழுக்க, ஒவ்வொரு அடியிலும் விழுகிறது. அதைச் செருப்பைத் தவிர வேறு எதனாலும் தாங்க முடியாது. "கொஞ்சம் மெதுவா நடங்க" என்று சொல்லி அழுத்தத்தைக் குறைக்க முடியாது. ஈரம் அப்படியில்லை. துடைக்கலாம், காய வைக்கலாம், தண்ணீரில் இறங்காமல் இருக்கலாம். இது வெறும் என் கருத்து மட்டுமில்லை. ஏற்கனவே காலில் புண் வந்து ஆறியவர்களைச் சென்னையில் பின்தொடர்ந்து பார்த்து 2004-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எம்சிஆர் போன்ற மென்மையான உள்தளம் போட்டவர்களுக்கு, கெட்டியான தளத்தோடு சொந்தச் செருப்பு போட்டவர்களைவிட, மறுபடி புண் வருவது மிகவும் குறைவாக இருந்தது.

கடையில் எப்படிப் பார்ப்பது? மேலே மெத்தென்ற எம்சிஆர், கீழே கெட்டியான ரப்பர், ரெண்டு அடுக்கும் இருக்க வேண்டும். கெட்டி அடுக்குதான் ஆணியையும் பிசிறையும் தடுக்கும். மேல் அடுக்கைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்துங்க. பாதியாக அமுங்கணும், விட்டதும் பழையபடி எழும்பணும். எழும்பவில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்க. பெயர் மட்டும் எம்சிஆர் என்று போட்ட கெட்டிச் செருப்பும் விற்கிறார்கள்.

மழைக்காக அதில் மூணு விஷயம் மட்டும் சேர்த்துப் பாருங்க. குதிகாலைச் சுற்றிப் பின்பட்டை கட்டாயம். வார் தோலாக இல்லாமல் சீக்கிரம் காயும் செயற்கைத் துணியாக இருக்கட்டும், ஒட்டிப் பிரிக்கும் பட்டை வைத்ததாக இருந்தால் கால் வீங்கும் நாளில் தளர்த்திக்கொள்ளலாம். அடியில் கோடு அகலமாக, ஆழம் குறைவாக. ஆணி அடித்த செருப்பு வேண்டவே வேண்டாம். ஒட்டி, தைத்ததுதான்.

ஹவாய் செருப்பு விலை குறைவு, கழுவினால் உடனே காயும். மழைக்கு அதைவிட நல்லது எது என்றுகூடத் தோன்றும். ஆனால் அதை விரல் இடுக்கில் கவ்விப் பிடித்தால்தான் காலில் நிற்கும். உணர்ச்சி போன காலுக்குக் கவ்வத் தெரியாது. வார் உரசி இடுக்கில் புண்ணும் வரும். டயர் செருப்பு பத்து மழை தாங்கும், ஆனால் கல்லு மாதிரி கெட்டி, போதாததற்கு ஆணி. இப்போ எல்லாரும் போடுகிற ஓட்டை ஓட்டையான பஞ்சு ஷூ பரவாயில்லை ரகம். பின்பட்டையைக் குதிகாலில் மாட்டி நடந்தால், புதுசாக இருக்கும் வரை ஓகே. சில மாசத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும், அடி தேய்ந்துவிட்டால் ஈர டைல்ஸில் சறுக்கிவிடும்.

வேலை இடத்தில் சேஃப்டி ஷூ கட்டாயம் என்பவர்களுக்கு இந்த ஒரே ஜோடிக் கணக்கு பொருந்தாது. அதைப் போட்டுத்தான் ஆகணும். விரல் மடங்கியிருப்பவர்களுக்கு முன்பக்க இரும்புக் கூடு உரசும், அதனால் உள்ளே உயரம் அதிகமுள்ள ஷூவைக் கேட்டு வாங்குங்க. வெள்ளைப் பருத்தி சாக்ஸ் போடுங்க, தையல் வெளிப்பக்கம் இருக்குமாறு திருப்பி. ஏன் வெள்ளை? ரத்தமோ சீழோ பட்டால் கண்ணுக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிஷம் ஷூவைக் கழற்றிக் காலைப் பாருங்க.

அம்மாக்கள் அடுத்துக் கேட்பது திருவேற்காடு. "ஆடி மாசம் கருமாரியம்மன் கோயிலுக்குச் செருப்போடயா போக முடியும்?" முடியாதுதான். விடியற்காலையில் போங்க, கல் தரை சூடேறும் முன் வெளியே வந்துவிடுங்க. வீட்டுக்கு வந்ததும் யாரையாவது உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்க. வெறுங்காலோடு நடந்து வருகிறேன் என்ற வேண்டுதல் மட்டும் வேண்டாம். அம்மனிடம் வேறு ஏதாவது வேண்டிக்கொள்ளலாம்.

இனி மழைப் பழக்கம். 2015 டிசம்பரும் 2023 டிசம்பரில் மிக்ஜாமும் நம்ம பக்கம் என்ன செய்தன என்று சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் தண்ணீரில் எந்தச் செருப்பும் காப்பாற்றாது. அடியில் கண்ணாடியா, ஆணியா, திறந்த சாக்கடையா, எதுவும் தெரியாது. உணர்ச்சி இல்லாத கால் அந்தத் தண்ணீரில் இறங்கவே கூடாது. பால் வாங்கப் பையனை அனுப்புங்க. இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தால், வந்த உடனே சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கை ஒவ்வொன்றாகத் துணியால் ஒற்றி எடுங்க. கீறல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க, டிடி ஊசியும் தேவைப்பட்டால் எலிக்காய்ச்சலுக்கான மாத்திரையும் தருவோம். நனைந்த செருப்பை அடுப்புப் பக்கம் வைக்காதீங்க, பசை விட்டுவிடும். ஃபேன் காற்று போதும். காயும் வரை வீட்டுக்குள் போட ஒரு பழைய மென்மையான செருப்பு இருக்கட்டும், வீட்டிலும் வெறுங்கால் வேண்டாம்.

செருப்பு வாங்க சாயங்காலம் போங்க. பகலெல்லாம் நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியான அளவு. "டைட்டா இருந்தாதான் பிடிப்பா இருக்கு" என்று உணர்ச்சி குறைந்தவர்கள் ஒரு அளவு சின்னதாகவே எடுப்பார்கள். காலை நம்பாதீங்க. ஒரு தாளில் நின்று பாதத்தைச் சுற்றி வரைந்து, வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோங்க. தாள் செருப்புக்குள் மடங்காமல் படுத்தால் வாங்கலாம். முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றிச் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று பாருங்க. இருந்தால் கடைக்காரரிடம் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம், பில்லைப் பத்திரமாக வைத்திருங்க.