மூளைக்குள் ஓடும் நீரை அளப்பவர்கள்

மதுரையில் ஒரு ஸ்கேன் மையம். எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்க வந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல். பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது போன்ற நடை, அடக்க முடியாத சிறுநீர், மறதி. “வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சோம்” என்றார் கைத்தாங்கலாக அழைத்துவந்த மகள்.

இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வயதின் மீது பழிபோட்டுவிடக் கூடாது. கொலம்பியாவைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சாலமோன் ஹக்கீமும் அவருடைய சகாக்களும் 1965இல் இதைத் தனி நோயாக எழுதிவைத்தார்கள். மூளை நீரின் அழுத்தத்தை அளந்தால் இயல்பாக இருக்கும். ஆனாலும் மூளையின் அறைகளில் நீர் கோத்து அவை விரிந்திருக்கும். உபரி நீரை வயிற்றுக்குள் வடித்துவிடும் ஷன்ட் குழாயை வைத்தால் பலருக்கு நடை திரும்புகிறது.

யாருக்குத் திரும்பும் என்பதுதான் கடினமான கேள்வி. முதுமையில் மூளை சுருங்கும்போதும் அறைகள் பெரிதாகத்தான் தெரியும். அதனால் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எப்படி அசைகிறது என்றும் பார்க்கிறார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீர் சுமார் 150 மில்லி. நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரக்கிறது. இதயம் துடித்து மூளைக்குள் ரத்தம் பாயும்போது இந்த நீர் கீழே தள்ளப்பட்டு, உடனே மேலே திரும்புகிறது. மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் நடுவே, சில மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத சில்வியஸ் நாளத்தில்தான் அந்தப் போக்குவரத்தை அளக்கிறார்கள்.

அளப்பவர் ஓர் இளம் டெக்னீஷியன். பெரியவரின் விரலில் நாடி கிளிப்பை மாட்டினார். கை குளிர்ந்திருந்தால் நாடி சரியாகப் பதியாது. துடிப்போடு ஒட்டாத படம் பயன்படாது. போர்வையைக் கைவரை இழுத்துவிட்டு, “ஐயா, சத்தம் பலமா வரும், பயப்படாதீங்க. தலையை மட்டும் அசைச்சிராதீங்க” என்றார்.

கன்சோலில் மூளையின் பக்கவாட்டுப் படம் வந்ததும், நாளத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டார். திருப்தியில்லாமல் அழித்து மீண்டும் போட்டார். “கோடு சாய்ஞ்சா நம்பர் மாறிடும் சார்.”

அடுத்தது ‘வென்க்’. எந்த வேகம்வரை அளப்பது என்று மெஷினுக்கு முன்கூட்டியே சொல்லும் எல்லை அது. விநாடிக்கு 10 செ.மீ. என்று வைத்தார். படத்தில் நாளம் வெளுத்திருக்க, அதன் நடுவில் மட்டும் ஒரு கரும்புள்ளி. நீர் எல்லையைத் தாண்டிப் பாய்ந்ததால், கீழே போவதை மேலே வருவதாக மெஷின் காட்டிவிட்டது. எல்லையை 20 ஆக்கி மறுபடி எடுத்தார்; புள்ளி மறைந்தது. அதற்காக எடுத்த எடுப்பிலேயே பெரிய எண்ணை வைத்துவிடவும் முடியாது, மெதுவான ஓட்டம் இரைச்சலில் கரைந்துபோகும்.

பிறகு ரேடியாலஜிஸ்ட் நாளத்தைச் சுற்றி வட்டமிட்டு, ஒரு துடிப்புக்கு எவ்வளவு நீர் போய்வருகிறது என்று கணக்கிட்டார். 1996இல் அமெரிக்காவின் வில்லியம் பிராட்லி குழு, இது 42 மைக்ரோலிட்டருக்கு மேல் இருந்தவர்களுக்கு ஷன்ட் நன்றாகப் பலன் தந்ததைக் கண்டது. ஆனால் மெஷினுக்கு மெஷின் அளவு மாறும். ஒவ்வொரு மையமும் தன்னிடம் வரும் ஆரோக்கியமானவர்களின் அளவைத் தெரிந்துவைத்திருந்தால்தான் அந்த எண் பேசும். இதயத்துடிப்பு மட்டுமே நீரை நகர்த்துவதில்லை என்பதும் உண்மை. ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது நீர் தலையை நோக்கி ஏறுவதை ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வாளர்கள் 2015இல் நிகழ்நேர எம்.ஆர்.ஐ.யில் காட்டினார்கள். பல துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுக்கும் வழக்கமான ஸ்கேனில் அது பதிவதில்லை.

ஆகவே ஸ்கேன் எண்ணை மட்டும் நம்பி யாரும் கத்தியை எடுப்பதில்லை. கீழ்முதுகில் ஊசி செலுத்தி 30 முதல் 50 மில்லி நீரை எடுத்துவிட்டு, நடை தேறுகிறதா என்றும் பார்க்கிறார்கள். அந்த நடையும் இந்த எண்ணும் சேர்ந்துதான் முடிவைச் சொல்கின்றன.

அறிக்கையில் கையெழுத்திடுபவர் மருத்துவர். ஆனால் சாய்ந்த கோட்டில் எடுத்த படத்தை எந்த நிபுணராலும் பிறகு நிமிர்த்த முடியாது. ஷன்ட் வைத்தால் நடக்கக்கூடிய ஒருவர் கட்டிலிலேயே கிடந்துவிடக் கூடாது. பலன் கிடைக்காத ஒருவரின் தலையில் துளையும் விழக் கூடாது. இந்த இரண்டையும் தடுக்கும் வேலை, கன்சோலில் அந்தக் கோட்டை அழித்துப் போடும் கையிலேயே தொடங்கிவிடுகிறது.