கண்டு கற்ற சித்திரம்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. சுவர் இருந்தும், வண்ணம் இருந்தும், எழுதுவோன்பால் பொறுமை இல்லையேல் சித்திரம் உண்டாகாது என்பதனை யாம் கற்றது சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில். அதனைக் கற்பித்தவர் எம்மிடம் பேசிய பேச்சுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவ்வரலாற்றை நம் கல்லூரி அன்பர்கட்கு ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

எம் பாட்டியார் பழவேற்காட்டில் வாழ்பவர். சென்னைக்கு வடக்கே, பெரியதோர் உவர்நீர் ஏரியின் கரையில் அமைந்தது அவ்வூர். டச்சுக்காரர் 17-ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வாணிகம் நடத்திய துறை அது. அவர்தம் கல்லறைகள் இன்றும் அங்கு உள. பாட்டியார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வைகறையில் கரைக்குச் சென்று, படகுகள் திரும்புவதைக் கண்டு நிற்கும் வழக்கமுடையவர். சென்ற ஆண்டு இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்ந்தார். யாம் விடுமுறைக்குச் சென்றதும், "நீதான் படம் எழுதுவாயாமே, ராசா. நம் கரையை ஒருமுறை எழுதிக்கொண்டு வா; பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன்" என்றார்.

யாமோ கல்லூரிப் போட்டியில் பரிசு பெற்ற செருக்கினேம். இதென்ன பெரிய காரியம் என்று புறப்பட்டோம். இரண்டு நாட்களில் ஐந்து தாள்கள் பாழாயின. தென்கரையில் நிற்கும் நான்கு பனைகளையும் ஓலை ஓலையாக எழுதினோம். படகுகளைக் கயிறு முதற்கொண்டு எழுதினோம். பின்னர், மார்கழிப் பனி வேண்டுமே என்று வெள்ளை வண்ணத்தைக் குழைத்து எல்லாவற்றின்மேலும் பூசினோம். அது பனியாகாமல் சுண்ணாம்பாயிற்று. ஐந்தனுள் சிறந்ததென யாம் எண்ணியதைப் பாட்டியார் நெடுநேரம் நோக்கி, "இது எந்த ஊர், ராசா?" என்று வினவினார். அவர் எள்ளிக் கேட்டாரல்லர், அறியாமலே கேட்டார். அதனால் அவ்வினா எம்மை மிகவும் சுட்டது.

மூன்றாம் நாள் வைகறையில் கரைக்குச் சென்றபோது, கவிழ்த்த படகொன்றின் அருகே முதியவர் ஒருவர் மடக்கு நாற்காலியில் அமர்ந்து நீர்வண்ணம் எழுதிக்கொண்டிருந்தார். சித்திர ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் என்றும், ஆண்டுதோறும் மார்கழியில் அங்கு வருபவர் என்றும் பின்னர் அறிந்தோம். யாம் வணங்கி, "ஐயா, பனியை எழுதும் வகையைச் சொல்லித் தருவீர்களா?" என்றோம். அவர் தாளினின்று கண்ணெடாமலே, "சொல்ல ஒன்றுமில்லை, தம்பி. இருந்து பாரும்" என்றார்.

இருந்தோம். முதல் நாள் அவர் கையையே பார்த்தோம். அவரிடம் இருந்த வண்ணங்கள் மூன்றே: நீலம், காவி மஞ்சள், சுட்ட செம்மண் நிறம். நீலமும் செம்மண்ணும் கூடியபோது மேகச் சாம்பல் பிறந்தது. அந்நீலத்தின் துகள்கள் தாளின் குழிகளில் தங்கிப் பொடிப்பொடியாகத் தோன்ற, அத்தோற்றமே ஈரக்காற்றின் சாயலாயிற்று. வெள்ளை வண்ணம் அவரிடம் இல்லவே இல்லை. தாளின் வெண்மையே அவர்க்கு ஒளி. இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வீடு சென்று அவ்வாறே செய்தோம். வண்ணம் கட்டுக்கடங்காமல் ஓடி, காலிப்பூவின் ஓரம்போலக் கறைகள் படர்ந்தன. ஆறாவது தாளும் பாழாயிற்று.

அடுத்த நாள் கையை விட்டுத் தாளைப் பார்த்தோம். அப்போதுதான் உண்மை சிறிது விளங்கியது. அவர் பருத்தியாலான கனத்த தாளை இருபுறமும் நீரால் நனைத்துப் பலகையில் படியவைப்பார். வான் முதல் நீர் வரை ஒரே மெல்லிய வண்ணத்தை விரிப்பார். பின்னர்ச் சும்மா இருப்பார். தாளின்மேல் நீர் கண்ணாடிபோல் மின்னும் வரை அவர் தூரிகை அசையாது. மினுமினுப்பு மங்கி, ஈரம் மட்டும் எஞ்சும் வேளையில் தொலைக்கரை மரங்களை இடுவார். அவை விளிம்பு கரைந்து பனியுள் நிற்கும். இன்னும் சிறிது உலர்ந்தபின் நடுவிலுள்ள பனைகள். முற்றும் உலர்ந்தபின்னரே முன்னிற்கும் படகு. ஒவ்வொரு முறையும் தூரிகையைக் கந்தையில் ஒற்றி, தாளின் ஈரத்தினும் தூரிகையின் ஈரம் குறைவாக இருக்குமாறு பார்த்துக்கொள்வார். எம் கறைகளின் காரணம் அதுவே: உலரத் தொடங்கிய தாளில் யாம் நீர் மிகுந்த தூரிகையை வைத்தோம், மிகுந்த நீர் முன்னிருந்த வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

மூன்றாம் நாள் அவர் கண்களைப் பார்த்தோம். ஏறத்தாழ ஒருமணி நேரத்தில் தூரிகை தாளில் பட்டது கால்மணி நேரந்தான் இருக்கும். எஞ்சிய நேரமெல்லாம் அவர் கண்கள் ஏரியின்மேல் இருந்தன. அவர் பார்த்த திசையில் யாமும் பார்த்தோம். தொலைவிலுள்ளவை வெளிறியும் விளிம்பிழந்தும், அண்மையிலுள்ளவை கறுத்தும் கூர்த்தும் தோன்றின. இடைப்பட்ட காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று பௌதிக வகுப்பில் படித்ததுண்டு. படித்ததைக் கண்ணாற் கண்டது அன்றுதான். மேலும், நான்கு பனைகள் நிற்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரிந்தவை இரண்டே. யாம் இத்தனை நாளும் கண்டதை எழுதவில்லை, அறிந்ததை எழுதியிருந்தோம்!

அன்று அவர்க்கும் ஒரு தாள் கெட்டது. படகை இடும் வேளையை அவர் பிழைத்தார் போலும். அது கரைந்து நிழல்போல் ஒழுகியது. யாம் பதறினோம். அவர் சற்றே நகைத்து, "நான் அவசரப்பட்டேன், நீர் சும்மா இருக்குமா?" என்று கூறித் தாளை மறுபுறம் திருப்பிக்கொண்டார்.

நிற்க. இங்ஙனம் கண்ணாற் கற்றல் புதிதன்று. 1903-ஆம் ஆண்டில் யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் ஜப்பானிய ஓவியர் இருவர் கல்கத்தா வந்தனர். கோட்டினை விடுத்து நிறத்தின் மங்கலாலேயே காற்றையும் ஒளியையும் காட்ட முயன்றவர் அவர்; அவர்தம் நாட்டார் சிலர் அதனை மங்கற் பாணியென்று எள்ளினர். தைக்கான் எழுதுவதை அபனீந்திரநாத தாகூர் உடனிருந்து கண்டார். அவர் அகன்ற தூரிகையால் சித்திரத்தின்மீது வெறும் நீரைத் தடவுவதைக் கண்ட அபனீந்திரர், தாம் ஒருபடி மேற்சென்று, எழுதிய தாளையே நீரில் தோய்த்தெடுத்து மீண்டும் வண்ணமிடலானார். 1905-இல் அவர் எழுதிய பாரதமாதா சித்திரம் இவ்வகையினதே. அவர் மாணாக்கராகிய தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமையை ஏற்றார். எம் முதியவர் அவர்தம் மாணாக்கர் ஒருவரிடம் பயின்றவராம். அம்மரபின் கடைக்கோடியில், கவிழ்த்த படகின் ஓரத்தில், யாமும் நின்றோம் என்பதை எண்ண நெஞ்சு நெகிழ்கின்றது.

விடுமுறை முடிய ஒருநாளே எஞ்சியிருந்தது. முதியவர் தம் தாளொன்றை எம்மிடம் நீட்டினார். நனைத்தோம், வண்ணம் விரித்தோம், காத்திருந்தோம். கை துடித்தது. அவர் எம் தாளைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தவண்ணம் இருந்தமையால் யாமும் ஏரியைப் பார்த்தோம். மினுமினுப்பு மங்கியதும் தொலைக்கரையை இட்டோம். பின்னர்ப் பனைகள் இரண்டு. கடைசியில் ஒரு படகு. வானத்தின் ஒருபுறம் கறை படர்ந்தது. படகும் சற்றுக் கோணிற்று. முதியவர் எழுந்துவந்து நோக்கி, "போதும், நிறுத்தும்" என்றார். அது புகழுரையோ எச்சரிக்கையோ, இன்றளவும் அறியோம்.

பாட்டியார் படுக்கைக்கு எதிரே அதனைச் சார்த்திவைத்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரங்கழித்து, "தெற்கே நாலு பனை நிற்குமே, இரண்டுதானே இருக்கிறது?" என்றார்.

"மற்ற இரண்டும் பனிக்குள் இருக்கின்றன, ஆயா" என்றோம்.

"ஆமாம், மார்கழியில் வெயில் ஏறின பிறகுதான் அவை தெரியும்" என்று சொல்லி, மீண்டும் படத்தை நோக்கியவாறு படுத்துக்கொண்டார்.

அன்பர்களே, யாம் இன்னும் ஓவியரல்லேம். அச்சித்திரத்திலும் குற்றம் பல. எனினும் ஆசிரியர் முன் அமரும்போது, அவர் வாயுரையை மட்டுமன்று, அவர் வாளா இருக்கும் வேளையையும் இப்போது கூர்ந்து நோக்குகின்றோம். வரும் மார்கழியிலும் பழவேற்காடு செல்லக் கருதியுள்ளோம். பாட்டியார் நலமாயிருந்து, எஞ்சிய இரண்டு பனைகளையும் வெயிலில் எழுதித் தருமாறு கேட்பாராக.