மறைக்கலாகாத புண்

பழைய வண்ணாரப்பேட்டையில் புனித ரோக் பெயரால் ஓர் ஆலயம் உண்டு. ஆரோக்கியநாதர் என்றும் நம் மக்கள் அவரை அழைப்பர். கொள்ளைநோயுற்றோரைப் பேணி, பின் அந்நோய்க்குத் தாமும் ஆளானவர் என்பது மரபு. அவரது சுரூபத்தைக் கூர்ந்து நோக்கியோர் அறிவர்: ஆடையை விலக்கித் தம் தொடையிலுள்ள புண்ணை அவர் சுட்டிக்காட்டுகிறார். புண்ணை மூடி மறைப்பதே நாணமுள்ளோர் இயல்பு என நினைக்கும் நமக்கு இக்காட்சி சற்று வியப்பளிக்கலாம்.

அக்கொள்ளைநோயை எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி பரப்பியது. எலியை அண்டி வாழும் வேறொரு சிற்றுயிர் இன்று நம்மிடையே உண்ணிக் காய்ச்சலை உண்டாக்குகிறது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை, திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் இந்நோய் குறித்துப் பொதுச் சுகாதாரத் துறை எச்சரித்தது. நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் நாம் காணும் உண்ணியன்று இது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்புழு. புதரும் புல்லும் குப்பைமேடும் எலியோடு சேருமிடம் அதற்கு ஏற்ற இடம். இராயபுரம் தொடங்கி எண்ணூர்க் கழிமுகம் வரை இருப்புப்பாதை ஓரங்களிலும் சரக்குப்பெட்டி முற்றங்களைச் சூழ்ந்த சீமைக் கருவேலங்காட்டிலும் நடமாடுவோர் இதை மனத்திற் கொள்ளல் நலம்.

இக்கடி வலிப்பதில்லை. ஏறத்தாழப் பத்து நாள் கழித்தே காய்ச்சல், கடுந்தலைவலி, உடல்வலி ஆகியவை தோன்றும். கடித்த இடத்தில் பலருக்குச் சிறு கறுப்புப் பொருக்கு உண்டாகும். சிகரெட்டால் சுட்டது போல் நடுவே கருத்து, சுற்றிலும் சிவந்திருக்கும். அது அமைவதோ அக்குள், இடுப்பு, மார்பின் அடிப்புறம், தொடையிடுக்கு, காதின் பின்புறம் போன்ற மறைவிடங்களில். வலியுமில்லை, அரிப்புமில்லை, ஆகவே நோயாளியே அறியார். அறிந்தாலும், குறிப்பாக நம் பெண்கள், மருத்துவரிடம் காட்டக் கூசுவர். அக்கூச்சத்தில் நாட்கள் கழிகின்றன. நுரையீரல், சிறுநீரகம், மூளை எனக் கேடு பரவுகிறது.

உரிய நேரத்தில் கண்டறிந்தால் மருந்து எளியது, விலையும் குறைவு. டாக்சிசைக்ளின் உட்கொண்டோர்க்குப் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் தணியும். கருவுற்ற தாய்மார்க்கு அசித்ரோமைசின் தருவர். பெனிசிலின் வகை மருந்துகள் இந்நோய்க்குப் பயனற்றவை; ஆதலின் கடையில் தாமாக மாத்திரை வாங்கி உண்பது காலத்தை வீணாக்குவதே. நோய் முற்றியவர்க்கு இவ்விரு மருந்துகளையும் நரம்பு வழியே சேர்த்துச் செலுத்துவது தனித்தனியே தருவதினும் சிறந்தது என வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் பிற மருத்துவமனைகளோடு இணைந்து நடத்திய ஆய்வு 2023இல் மெய்ப்பித்தது. பொருக்கு இல்லாதவர்க்கும் இந்நோய் இருக்கலாம்; இரத்தப் பரிசோதனை அதை உணர்த்தும்.

நாம் நோயுற்றோரைக் காணச் செல்லும் இல்லங்களில் அடிக்கடி கேட்பது, "வெறும் சிரங்குதான் சாமி, தானே போயிடும்" என்பது. இரவில் மிகும் அரிப்பும், விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகியவற்றில் சிறு கொப்புளங்களும் தோன்றினால் அது தோலுக்குள் துளைத்து வாழும் சொறிப்பூச்சியின் வேலை. அழுக்கானவர்க்கே அது வரும் என்பது பிழை. நெருங்கி வாழும் எவர்க்கும் வரும். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் பாதம் வரை பூசி, இரவு முழுதும் விட்டுக் காலையில் குளித்தல் வேண்டும்; ஒரு வாரம் கழித்து மீண்டும் பூசல் வேண்டும். அரிப்பு இல்லாதோர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே இரவில் பூசாவிடில் நோய் மீண்டும் வரும். துணிகளையும் விரிப்புகளையும் அன்றே வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக. சொறிந்த புண்ணில் கிருமி சேர்ந்தால் சிறுவரின் சிறுநீரகமும் பாதிக்கப்படக் கூடும்.

தோலைக் கவ்விய நாயுண்ணியை மண்ணெண்ணெய் ஊற்றியும் நெருப்பால் சுட்டும் எடுக்க முயல்வது தவறு. சிறு இடுக்கியால் தோலையொட்டிப் பற்றி, மெல்ல நேராக இழுத்து, சோப்பு நீரால் கழுவுதலே முறை.

அன்பியக் கூட்டத்தார்க்கும் மரியாயின் சேனையார்க்கும் நம் வேண்டுகோள் ஒன்றே. காய்ச்சல் கண்ட வீட்டிற்குச் செல்கையில் செபத்தோடு நின்றுவிடாதீர். "உடம்பில் எங்கேனும் கறுப்பாகப் பொருக்கு இருக்கிறதா அம்மா?" எனத் தனியே, மெல்லக் கேளுங்கள். உண்டெனில், தயங்காது மருத்துவரிடம் காட்டுமாறு துணைசென்று அழைத்துப் போங்கள்.